மீசைக்கு முன்னே துப்பாக்கி

கேள்வி: என் மகன் இன்டர் முதலாம் ஆண்டு. போர் காமிக்ஸாகப் படித்துத் தள்ளுகிறான். 'பட்டாளத்துக்குப் போகிறேன்' என்கிறான். படிக்க விடலாமா? (ஒரு வாசகர், பங்காருபாளையம்)

பதில்: தாராளமாக விடுங்கள். ஆனால், சுட்டால் எதிரி மட்டுமே விழுகிற கதைகள் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதியைச் சொல்வது 1979-ல் பிரிட்டனில் தொடங்கிய 'சார்லிஸ் வார்' என்ற முதல் உலகப் போர் காமிக்ஸ். பாட் மில்ஸ் எழுத, ஜோ கோல்குஹூன் வரைந்தது. நாயகன் சார்லிக்கு வயது 16. பதினெட்டு என்று பொய் சொல்லிப் பட்டாளத்தில் சேர்கிறான். மீசை முளைக்கும் முன்பே கையில் துப்பாக்கி! பதுங்குகுழிச் சேற்றிலிருந்து எழுத்துப் பிழைகளோடு வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். அதைப் படித்தால் பெற்ற வயிறு கலங்கும். அவன் போன சோம் போர்க்களத்தில், 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் 19,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். அந்த ஆண்டுதான் பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவையும் வந்தது.

நம் நாட்டில் கட்டாயம் இல்லை. அக்னிவீராக விரும்பிச் சேரவே பதினேழரை வயது ஆகவேண்டும். காமிக்ஸில் பயிற்சி இரண்டு கட்டத்தில் முடிந்துவிடும். நிஜத்தில் மாதக்கணக்கில் நீளும். சேரும் முன்பே 1.6 கிலோமீட்டர் ஓட்டம். ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண்.

எனவே, விடியற்காலையில் எழுப்பி மாந்தோப்புச் சாலையில் ஓடச் சொல்லுங்கள். ஒரு மாதம் விடாமல் ஓடினால் ஆசை நிஜம், வாழ்த்தி அனுப்புங்கள். வயதை மட்டும் கூட்டிச் சொல்ல விடாதீர்கள்.