பத்து கையில், ஒன்று வெளியில்

கேள்வி: இணையத்தில் தொடர்கதை எழுத ஆசை. முதல் அத்தியாயம் தயார். இன்றே போட்டுவிடலாமா?

பதில்: பொறுங்கள். பத்து அத்தியாயம் கையிருப்பு சேரட்டும். காய்ச்சல், மைத்துனர் கல்யாணம், மின்வெட்டு மூன்றும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாரத்தில்தான் வரும். வாசகர் காத்திருப்பார், ஆனால் குறித்த நாளில் வரும் கதைக்குத்தான். ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று இணையத்தில் தொடங்கிய ‘வெண்முரசு’, நாவலுக்கு நாவல் சிறு இடைவெளி விட்டு, நாளொரு அத்தியாயமாக 2020 வரை ஓடியது. மொத்தம் 26 நாவல்கள். அந்த ஒழுங்கை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்புதான்.

இன்னொன்று: நள்ளிரவில் கதவு தட்டப்படும் சத்தத்தோடு ‘தொடரும்’ போட்டால், அடுத்த வாரம் வாசலில் பால்காரர் நிற்கக் கூடாது. நின்றால், வாசகர் திரும்ப வரவே மாட்டார். யார் தட்டியது என்பதை முதலில் நீங்கள் முடிவுசெய்யுங்கள்.