காதுக்குப் பஞ்சு

நேற்று பெரியம்மா வந்தாள். பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தாள். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் காதைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, பஞ்சு எங்க?"

பிரசவமாகி 31-ஆவது நாள். பாளையங்கோட்டையில் கத்திரி வெயில். தலைக்கு ஊற்றிவிட்டு வந்து, ஐந்தே நிமிடம் வெறுங்காதோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை, பீரோவைத் திறந்து போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போனவளைப் பார்க்கிற பார்வை.

நான் எழுத வந்தது இதையல்ல. அடுத்த வாரம் ஆறாம் வார செக்கப். டாக்டரிடம் ஒரு முக்கியமான விஷயம் கேட்க வேண்டும். மறந்துவிடக் கூடாதென்று சீட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அதைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன் இந்தக் காத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

எங்கள் வீட்டுக் கணக்குப்படி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிற காத்து முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, வழியில் எங்கும் நிற்காமல் நேரே என் இடது காதுக்கு வருகிறது. நுழைந்த காத்து திரும்பிப் போகாது. முதலில் தலையில் தங்கும். பிறகு இடுப்புக்கு வந்து குடித்தனம் வைக்கும். ஐம்பது வயதில் முட்டிக்கு இறங்கும். பெரியம்மாவின் வலது முட்டியில் இருப்பது அவள் 1989-இல் ஜன்னலோரம் படுத்தபோது போன காத்து. இடது முட்டியில் இருப்பது வேறு காத்து. அது பஸ்ஸில் ஏறியது. என் உடம்பில் ஒரு விசிறியை நட்டால் எங்கள் தெருவுக்கே கரண்ட் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கரண்டில் என் தலைக்கு மேலிருக்கிற ஃபேன் மட்டும் ஓடாது. பார்க்க வந்தவர்களுக்கு வேர்த்தால் ஃபேன் ஓடும். அப்போது என் மேல் கம்பளி விழும். தெருவே வேர்க்கிற மே மாதத்தில், கம்பளிக்குள்ளிருந்து "வாங்க மதினி" என்று சிரித்திருக்கிறேன்.

தண்ணீரும் அப்படித்தான். பால் கொடுத்து முடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கேட்டால் அரை டம்ளர் சுக்கு வெந்நீர். மேலே கேட்டால் "வயிறு போட்டுரும்." இந்த வயிற்றைத்தான் பழைய நூல் சேலையால் வாழைத்தாரைப் போல இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கர்ப்பப்பை பெற்ற அன்று ஏறக்குறைய 1 கிலோ இருக்கும், ஆறு வாரத்தில் தானாகவே 60 கிராம் வாக்கில் சுருங்கிவிடும் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். "கட்டுனா அம்பதுக்கு வரும்" என்றாள்.

லேகியத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நெய்; கோலிக்குண்டு அளவுதான் தருகிறார்கள், திருட்டுத்தனமாக நெல்லிக்காய் அளவு எடுக்கிறேன். 2015-இல் அரசாங்கம் கொடுத்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்திலேயே தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் உண்டு என்பது அம்மாவின் கடைசி அஸ்திரம். அதில் பஞ்சு இல்லையே என்றேன். "பஞ்சு வீட்டுலயே இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

அதற்குள் சாம்பிராணி வந்தது. ஜன்னல் சாத்திய அறையில் புகை. எனக்குத் தும்மல் வந்தது. பிள்ளை பெற்றவள் தும்முவதற்கு முன் ஏன் அவசரமாகக் காலை இறுக்கிக்கொள்கிறாள் என்பது அந்த அறையிலிருந்த மூன்று பெண்களுக்கும் தெரியும். மூன்று பேரும் பிள்ளையின் மூக்கு யாரைப்போல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காதுக்குள் போகிற காத்துக்கு இத்தனை காவல். போட்ட தையலில் உட்கார முடிகிறதா என்று கேட்க இந்த 31 நாளில் ஒரு நாதி இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாக்டருக்கு எழுதிய சீட்டைத் தேடினேன். காணவில்லை. அம்மா அதன் பின்பக்கம் நாட்டுமருந்துச் சாமான் எழுதித் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவன் சித்தரத்தை, திப்பிலி, இரண்டு பாக்கெட் பஞ்சோடு வந்தான்.

"சீட்டு எங்கலே?"

"கடைக்காரர்ட்டயே இருக்கு. ரெண்டு பக்கமும் படிச்சிட்டு, இந்தப் பக்கத்துல உள்ளதுக்குத் தன்கிட்ட மருந்து இல்லன்னுட்டாரு."