சீவாத தலைக்குப் பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சுருட்டை முடிக்காரர்களைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று, கோபக்காரர்கள். இரண்டு, தலை சீவாதவர்கள். இரண்டாவதைக் காதில் வாங்கிக்கொண்டே இருந்தால் முதலாவது தானாக வந்துவிடும்.

என் தலையைப் பார்த்து, “என்னம்மா, இன்னிக்கு லேட்டாயிடுச்சா?” என்று பரிவோடு விசாரிப்பவர்களிடம் நான் உண்மையைச் சொல்வதில்லை. அவசரமாகக் கிளம்பி வந்தால் இப்படி அமையாது. இதற்கு அரைநாள் பாடுபட வேண்டும். நேர்முடிக்காரி நாலு இழுப்பு சீவிவிட்டு ஒழுங்கான மனுஷியாகப் படி இறங்கிப் போய்விடுவாள். உலர்ந்த தலையில் நான் நாலு இழுப்பு சீவினால் லிஃப்ட்டில் என் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது.

இதில் முடியைக் குறைசொல்லிப் பயனில்லை. முடி முளைக்கிற குழியே வளைந்திருந்தால், வெளியே வருவதும் வளைந்துதான் வரும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் சறுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். என் முடியில் இறங்குவதென்றால் கொல்லிமலைச் சாலையில் இறங்குவது மாதிரி. அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணெய் பாதி வழியிலேயே வண்டியை நிறுத்திவிடுகிறது. வேர் பிசுபிசுக்கும், நுனி வறண்டு கிடக்கும்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாமலே எல்லாம் தெரிந்திருந்தது. பெண்பிள்ளைக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல். சீயக்காயோடு வடிகஞ்சி கலப்பாள். செம்பருத்தி இலையைக் கசக்கி, கொழகொழவென்று சாறு எடுத்துத் தலை முழுக்கத் தடவுவாள். பிறகு என் தலையை முழங்கால்களுக்கு நடுவே சிறைப்பிடித்து, “அசையாதேடி” என்ற ஒரே மந்திரத்தோடு நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுப்பாள். இன்றைக்குப் பாட்டிலில் அடைத்து கண்டிஷனர் என்று விற்பதும் ஏறக்குறைய அந்த வழவழப்பைத்தான். அதில் அம்மாவின் முழங்கால் மட்டும் இல்லை.

சங்க காலத்துப் பெண்கள் கூந்தலை ஐந்து விதமாக முடித்தார்கள், ஈரம் உலர அகில் புகை ஊட்டினார்கள் என்று பள்ளியில் படித்தோம். அந்தத் தலைவிகளில் ஒருத்திக்கும் காலை ஒன்பதரை மணிக்கு மீட்டிங் இருந்ததாக எந்த உரையாசிரியரும் குறிப்பிடவில்லை. புகை காட்டத் தோழி வேறு இருந்தாள். எனக்கு வாய்த்தது ஹேர் டிரையரின் வாயில் மாட்டுகிற, துளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். டிஃப்யூசர் என்று பெயர். அதைப் பிடிக்க ஒரு கை, முடியை ஏந்த ஒரு கை. போன் அடித்தால் எடுக்க மூன்றாவது கை கிடையாது.

நியூயார்க்கில் சலூன் நடத்திய லொரெய்ன் மாஸி என்ற அம்மணி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘கர்லி கேர்ள்’ என்றொரு புத்தகம் போட்டார். சல்ஃபேட் போட்ட ஷாம்புவை விடு, சிலிக்கோனை விடு, காய்ந்த முடியில் சீப்பு வைக்காதே, துண்டால் பரபரவென்று துவட்டாதே என்பது அவர் கட்சி. நான் அந்தக் கட்சியில் உறுப்பினர்தான். ஆனால் மடிப்பாக்கத்து போர் தண்ணீரின் உப்பை அவர் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு ஷவரே வெள்ளை பூத்துப்போய்ப் பாதித் துளை அடைத்துக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் அலசினால் மிருதுவான தலைகூட விறைத்துக்கொள்ளும். ஆகவே கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி குடிதண்ணீர். அதற்கு வீட்டில் தனியாக ஒரு சண்டை.

தலையில் பூசும் ஆளி விதை ஜெல்லும் ஞாயிற்றுக்கிழமைதான் தயாராகும். கால் டம்ளர் விதைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கரண்டியிலிருந்து நூல் நூலாக இறங்கும். அந்த நொடியில் அடுப்பை அணைத்து, சூடாக இருக்கும்போதே பழைய வேட்டித் துணியில் வடிகட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் பிழியப் பிழியத் துணிதான் கிழியும், ஜெல் வராது. கெட்டுப்போகாமலிருக்க இதை ஃப்ரிட்ஜில் வைப்பதில்தான் வினை. “யாருக்கும்மா உடம்பு சரியில்லை, கஞ்சி வச்சிருக்கே?” என்று மாமியார் கேட்டார். மாமனார் கேட்கவே இல்லை. சத்தான வஸ்து என்று முடிவுசெய்து, மோரில் கலந்து உப்புப் போட்டுக் குடித்துவிட்டார். என் சிக்குக்காகக் காய்ச்சியது அவருடைய சிக்கலைத் தீர்த்துவைத்தது. “இது வாராவாரம் பண்ணலாமே” என்று மறுநாள் காலை மலர்ந்த முகத்தோடு சொன்னார். இப்போது இரண்டு பங்கு காய்ச்சுகிறேன்.

இவ்வளவையும் வாரநாள் காலையில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். நனைந்தவுடன் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்துவிடும். காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி இறுகும். ஈரத் தலையோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேளச்சேரி சிக்னல்களைக் கடந்து தரமணி போய்ச் சேர்ந்தால், ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் அது தலையில் இருக்கும்.

அதனால்தான் ஞாயிறு. குளித்துவிட்டு ஜெல்லைப் பூசி, கொத்துக் கொத்தாக முடியைக் கசக்கி ஏந்திவிட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டும். தொடக் கூடாது, சாயக் கூடாது. காய்ந்ததும் அப்பளம்போல மொறுமொறுவென்று விறைத்து நிற்கும். கலங்கத் தேவையில்லை, இரு கையாலும் மெதுவாகக் கசக்கினால் உதிர்ந்து மெத்தென்று ஆகிவிடும். அந்த மொறுமொறுப்பு நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள்.

இப்படியாகத் திங்கள் காலை ஒரு நல்ல தலையோடு வெளியே இறங்குவேன். அங்கே சென்னைக் காற்று காத்திருக்கும். ஜெனீவாக்காரரான சொஸ்யூர், காற்றில் ஈரம் ஏறினால் மனித முடி நீளும் என்பதை வைத்தே 1783-ல் ஈரப்பதமானி பற்றிப் புத்தகம் எழுதினார். அவருடைய கருவியில் இருந்தது ஒற்றை முடி. நான் முழுத்தலையோடு போய்க்கொண்டிருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டால், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாவது வானிலை ஆய்வு மையத்துக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெரியவரும்.

பார்லரில், “ஒரே சிட்டிங்ல நேராக்கிடலாம் மேடம்” என்கிறார்கள். சில ஆயிரங்கள் செலவாகும். புதிதாக முளைப்பது பழையபடி வளைந்தே வரும் என்பதால், செலவும் கூடவே முளைக்கும்.

வியாழக்கிழமை வரை தலை தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் எனக்கும் அக்கறை போய்விடும். ஜெல் இல்லை, அலசல் இல்லை. தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, எல்லாவற்றையும் சுருட்டி ஒரு கொண்டை போட்டு, கையில் கிடைத்த பால்பாயிண்ட் பேனாவைக் குறுக்கே செருகிவிடுவேன். மொத்தம் ஒரு நிமிஷ வேலை.

அன்றைக்குத்தான் மேனேஜர் என் இருக்கைக்கு வந்து, “இன்னிக்கு ரொம்ப நீட்டா இருக்கீங்களே” என்றார். கூடவே, கையெழுத்துப் போட ஒரு பேனா வேண்டும் என்றார். உருவிக் கொடுத்தேன்.