லென்ஸைத் திருப்பிப் போட்டவர்

கேமராவில் லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, செடிக்கு முன்னால் மூச்சைப் பிடித்தபடி மண்டியிட்டிருக்கும் ஆளைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. கிறுக்கர் என்பார்கள் சிலர், கஞ்சர் என்பார்கள் மற்றவர்கள். இரண்டும் நிற்காது. முதல் குற்றச்சாட்டை ஒளியியலே தள்ளுபடி செய்துவிடும். சாதாரண லென்ஸ் செய்யப்பட்டதே தூரத்தில் இருக்கும் பெரிய பொருளைப் பக்கத்தில் இருக்கும் சின்ன சென்சாரில் இறக்குவதற்குத்தான். எறும்பின் முகத்தை மூன்று மடங்காக்கும்போது நிலவரம் மாறிவிடுகிறது. இப்போது பொருள் சின்னது, லென்ஸை ஒட்டியும் இருக்கிறது; அதைவிடப் பெரிதாக விழும் பிம்பம்தான் தள்ளி விழுகிறது. ஆகவே சென்சாரைப் பார்த்திருந்த கண்ணாடி இங்கே எறும்பைப் பார்ப்பதே முறை. லென்ஸ் பிறந்த வேலையைத்தான் அவர் வாங்குகிறார். என்ன, இந்த நியாயத்தைக் கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருக்கும்போது விளக்கத் தொடங்குவார். கிறுக்கர் என்ற பெயர் அங்கேதான் வருகிறது.

கஞ்சர் என்ற பெயரை அவரே விரும்பிச் சுமக்கிறார். லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய், மேக்ரோ லென்ஸ் பல்லாயிரம் என்று யாரிடமும் கணக்குச் சொல்வார். கணக்கு அதோடு நின்றால் சரி. வெளிச்சம் போதாமல் ஃப்ளாஷ் வரும். கேமராவை இம்மி இம்மியாக நகர்த்த ரெயில் வரும், அதைத் தாங்க டிரைபாட் வரும், பழைய கேமராக் கடையில் ‘சும்மா கிடந்த’ 28 எம்.எம். லென்ஸும் வரும். மிச்சம் பிடித்த காசு இப்படிப் போனபின் அவரைக் கஞ்சர் என்பது கஞ்சர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அப்படியானால் பேசாமல் மேக்ரோ லென்ஸே வாங்கித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. பெரும்பாலான மேக்ரோ லென்ஸ்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே நின்றுவிடும். பூச்சியின் அளவும் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவும் சமம், அவ்வளவுதான். கேமராவோடு இனாமாக வரும் 18–55 எம்.எம். கிட் லென்ஸைத் திருப்பி 18-இல் வைத்தால் மூன்று மடங்கைத் தாண்டும். ஓர் அரிசி சட்டத்தை நிரப்பிவிடும். பணத்தால் ஃபோகஸுக்குப் படும் அவதியிலிருந்து தப்பலாம் என்பதும் பொய். ஐந்து மடங்கு வரை போவதற்கென்றே கேனான் எம்.பி.-இ 65 என்ற லென்ஸைக் கொண்டுவந்தது. அதிலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது. கேமராவோடு சேர்ந்து முன்னும் பின்னும் அசைந்துதான் ஃபோகஸைப் பிடிக்க வேண்டும். செலவழித்தவரும் செலவழிக்காதவரும் செடி முன்னால் ஒரே மாதிரிதான் ஆடுகிறார்கள்.

ஆக, அவரை இழுப்பது சிக்கனம் அல்ல, தொல்லைதான். திருப்பி மாட்டியதும் லென்ஸுக்கும் கேமராவுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும். கேனான் என்றால் ஒளி புகும் துளையான அப்பர்ச்சரை எஃப் 8-இல் வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமல் லென்ஸைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் அப்பர்ச்சர் அதே அளவில் நிற்கும். அப்பர்ச்சர் வளையம் இல்லாத நிக்கான் லென்ஸ்கள் பலவற்றில் பின்பக்கம் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். கையை விட்டால் துளை சுருங்கிவிடும். அதைப் பாதியில் நிறுத்த, மடித்த பஸ் டிக்கெட் ஒன்றை இடுக்கில் செருகுவார். ஜூமும் நேர்மாறாகிவிடும்: 55 பக்கம் திருகினால் பூச்சி சிறுக்கும், 18 பக்கம் வந்தால் பெருக்கும். இத்தனைக்கும் பிறகு துல்லியமாக விழும் ஆழம் கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது. கண் தெளிந்தால் மீசை மங்கும். அதனால் ஒரு பூச்சியை அடுக்கடுக்காகப் பல படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாக்குகிறார். நடுவில் பூச்சி கால் மாற்றி வைத்தால் அதற்குப் பத்துக் கால் முளைக்கும். தொல்லையைக் கழித்துவிட்டால் இந்தப் பொழுதுபோக்கில் பாக்கி எதுவும் நிற்காது. அதனால்தான் எத்தனை வசதி வந்தாலும் அவர் அசைந்து கொடுப்பதில்லை.

பூச்சிகளை வதைக்கிறார் என்று இன்னொரு புகாரும் உண்டு; அதற்குப் பழைய சாட்சியும் உண்டு. 1665-இல் ‘மைக்ரோகிராஃபியா’ வெளியிட்ட ராபர்ட் ஹூக், அசையாமல் நிற்காத எறும்புக்குச் சாராயம் கொடுத்து மயக்கித்தான் படம் வரைந்தார். நம்மவர் அவ்வளவு தூரம் போவதில்லை. விடியற்காலையில் குளிரில் பூச்சிகள் விறைத்திருக்கும் என்று, வீட்டில் பால் வாங்க எழாதவர் ஐந்து மணிக்கு எழுந்து போகிறார். ஃபிரிட்ஜில் வைத்துப் படமெடுப்பவர்களும் உண்டு. அவர்களை வீட்டார் கவனித்துக்கொள்வார்கள்.

எஞ்சியிருப்பது ஒரே புகார்தான், அதற்கு மறுப்பே இல்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. வேப்பெண்ணெய் அடிக்கலாம் என்று அம்மா சொன்னால், “இன்னும் ரெண்டு நாள் பொறும்மா, இப்பதான் முட்டை வச்சிருக்கு” என்கிறார். பூச்சியின் மெழுகு இழைகளைத் தனித்தனியாக எண்ணத் தெரிந்தவருக்கு, செடியில் மொட்டு விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பது தெரியாது. இந்த வழக்கில் மட்டும் தீர்ப்பு அம்மா பக்கம். எண்ணெய் அடிக்கலாம், ஃப்ளாஷை நகர்த்திவிட்டு.