நடங்க சார், நல்லா நடங்க!

"தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சீட்டில் எழுதித் தருகிறார். எங்கே நடப்பது என்று எழுதுவதில்லை. அவரும் தாம்பரத்துக்காரராகத்தான் இருப்பார், எழுதினால் மாட்டிக்கொள்வார்.

சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் பால் வாங்கக் கிளம்புகிறார் என்று வையுங்கள். கேட்டைத் தாண்டியதும் பக்கத்து வீட்டுச் சாய்தளம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் ஊற்றித் தெரு உயர்ந்துகொண்டே போவதால், புது வீடு கட்டுகிறவர் வாசலை இடுப்பளவு தூக்கிவிடுகிறார். கார் ஏற வேண்டுமே! சாய்தளம் தெருவுக்குள் நாலடி நீள்கிறது. அதைச் சுற்றினால், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய மேடு. மெயின் ரோட்டுக்கு வந்தால் மழைநீர் வடிகாலின் மூடிதான் நடைபாதை. ஒரு சிலாப் தூக்கிக்கொண்டிருக்கும், அடுத்தது இருக்காது, மூன்றாவதில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் மின்வாரியப் பெட்டி, டீக்கடை பெஞ்ச், கட்சிக் கொடிக்கம்பம். கம்பத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தடுமாறினால் பிடித்துக்கொள்ளலாம், எந்தக் கட்சியும் முதியோருக்குச் செய்த நேரடி உதவி அதுதான்.

நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சாலைத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. நம் ஆட்கள் அதைப் படிக்கவில்லை என்று யார் சொன்னது? அகலத்தையும் உயரத்தையும் மாற்றிப் படித்துவிட்டார்கள், அவ்வளவுதான். தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த உரிமையின் மேல் புல்லட் ஓடிக்கொண்டிருக்கிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை அறிவித்தது. அங்கே போய் நடக்க பஸ் பிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாப்புக்கு நடக்க வேண்டும். வெளியூர் பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம் போங்கள் என்றார்கள். 2023 டிசம்பரில் அங்கே பேருந்து நிலையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. மூட்டுவலிக்காரர் மூட்டையோடு எப்படி வருவார் என்று வரைபடம் போட்டவர் யோசித்திருந்தால்தானே!

பி.பி., சுகர் மாத்திரை மட்டும் 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. நல்ல திட்டம், கிண்டலில்லை. ஆனால் தெருவை ஒழுங்காகப் போட்டால் அந்த மாத்திரையில் பாதி தேவைப்படுமா என்று ஒரு துறை இன்னொரு துறையைக் கேட்கக் கூடாதா? ஐம்பதைத் தாண்டினால் தசை தானாகவே கரைகிறது. நடந்தால் மெதுவாகக் கரையும். ஒருமுறை தடுக்கியவர் பயந்து வெளியே போவதைக் குறைப்பார். குறைத்தால் கால் இன்னும் தளரும். தளர்ந்த கால் இன்னும் சுலபமாகத் தடுக்கும். முதலில் கோயில் நிற்கும், பிறகு ரேஷன் கடை, பிறகு தெருமுனை. கடைசியில் ஹால், பாத்ரூம், டி.வி. ஜாமீன் இல்லாத வீட்டுச் சிறை. குற்றம்: வயசானது.

நாமும் யோக்கியர்களில்லை. வீட்டு வாசலை காருக்குக் கொடுத்துவிட்டு, நடப்பதற்காக ஏரிக்கரைக்கு அதே காரில் போகிறோம்.

வண்டி மோதினாலாவது எஃப்.ஐ.ஆர். உண்டு. சிலாப் தடுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், "இந்த வயசுல தனியா எதுக்குப் போனீங்க? பார்த்து நடக்கக் கூடாதா?" என்று வீட்டிலேயே தீர்ப்பு. பார்த்து நடந்ததால்தான் இத்தனை நாள் விழாமல் இருந்தார், மடையர்களே! அந்த வடிகாலுக்குப் பில் போட்ட கான்ட்ராக்டரையும் கையெழுத்துப் போட்ட இன்ஜினியரையும் ஒரு மாலை ஆறு மணிக்குக் கூப்பிட வேண்டும். அவரவர் அம்மாவின் கையைப் பிடித்து, கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் நடைபாதையிலேயே கூட்டிப்போகட்டும். ரோட்டில் இறங்கக் கூடாது.