பூதப்பாண்டி வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் ஒயின் தெரிவு: ஒரு முதற்கட்ட விசாரணை

ஒயின் தேர்ந்தெடுப்பது எப்படி என்று மேலைநாட்டார் எழுதிக் குவித்திருக்கும் நூல்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளையே சுற்றி வருகின்றன: சிவப்பா வெள்ளையா, எந்த ஆண்டு, எந்தக் கறிக்கு எது. பூதப்பாண்டியில் இம்மூன்றும் எழுவதே இல்லை. சிவப்புதான், இந்த ஆண்டுதான், கறி எதுவானாலும் அதுவேதான். இங்கே எழுவது வேறொரு கேள்வி. அதை ஆய்வுலகின் முன் வைக்கும் பேறு இக்கட்டுரைக்குக் கிட்டியிருக்கிறது: “யாரு வீட்டு ஒயினு?”

ஆய்வுக்களம் பற்றிச் சுருக்கமாக. பூதப்பாண்டி தோவாளை வட்டத்தின் தலைமையிடம். பழையாறு, பூதலிங்கசாமி கோயில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் தாடகை மலை. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1907இல் பிறந்த ஊர். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 47 பேர் கிறிஸ்தவர்கள். ஆகவே எந்த வீட்டுக்கும் கிறிஸ்தவச் சொந்தமோ, சிநேகமோ, அடுத்த வீடோ இருந்தே தீரும். கட்டுரையாளர் ஒயின் போடும் வீட்டைச் சேர்ந்தவரல்லர். அது குப்பியில் வந்து சேரும் வீட்டைச் சேர்ந்தவர். நடுநிலைமை பற்றி ஐயம் எழலாம். எழட்டும்.

முன்னாய்வுகள் என்ற பகுதி இல்லாமல் எந்தக் கட்டுரையும் கட்டுரையாகாது என்பதால் அதையும் செய்துவிடுவோம். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் பாடிய பாட்டு புறநானூற்றில் 71ஆவதாக உள்ளது. ஊர்ப்பெயரை அவனோடு முடிச்சுப் போட்டுப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒயின் பற்றி ஏதாவது சொல்லியிருப்பான் என்று ஆவலோடு புரட்டினால், பகைவரை வெல்லாவிட்டால் தனக்கு என்னென்ன கேடு வரட்டும் என்று வஞ்சினம் கூறிக்கொண்டிருக்கிறான். குடி பற்றி மூச்சில்லை. பதினைந்து பாட்டு பின்னால் போனால் 56இல் நக்கீரர் கைகொடுக்கிறார். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித்தரக் குடித்து மகிழ்ந்திரு என்று நன்மாறன் என்ற பாண்டியனை வாழ்த்துகிறார். இறக்குமதிச் சரக்கு என்பதும் பாத்திரத்தின் தரமும் தெளிவாகவே பதிவாகியிருக்கின்றன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது அப்படிப்பட்ட சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. விலை மட்டும் எங்கும் குறிக்கப்படவில்லை. அரசனுக்கு யார் பில் போட்டார்கள்?

அடுத்த பெரும் ஆவணம் பக்கத்திலேயே, தேரூரில் இருக்கிறது. 1876இல் அங்கே பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை உமர் கய்யாமைத் தமிழாக்கினார். பாரசீகத்தில் புறப்பட்டு, 1859இல் பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்துக்குள் புகுந்து, நாஞ்சில் நாட்டுக்கு வந்து இறங்கிய ஒயின் அது. அந்தப் புகழ்பெற்ற பாட்டில் வெறுமனே கவிதைப் புத்தகம் என்றிருந்த இடத்தில் கம்பனை வைத்தார் கவிமணி. கலசத்தில் மட்டும் கைவைக்கவில்லை. அந்தக் கலசத்துக்குள் என்ன ரகம், எத்தனை நாள் ஊறியது என்று ஒரு குறிப்பெழுதியிருக்கலாம். மருமக்கள் வழிச் சொத்துத் தகராற்றை அவ்வளவு நுணுக்கமாகப் பாடியவர் இதில் நம்மைக் கைவிட்டது வருத்தம்தான்.

கானாவூர்க் கல்யாணத்தை விட்டுவிட முடியாது. அங்கே இயேசு தண்ணீரை ஒயினாக்கியதாக யோவான் நற்செய்தி சொல்லும் ஆறு கற்சாடிகளின் கொள்ளளவு, இன்றைய அளவையில் தோராயமாக 480 முதல் 720 லிட்டர். 750 மில்லி குப்பியில் அடைத்தால் 640 முதல் 960 குப்பி. அதுவும் முதலில் வைத்திருந்தது தீர்ந்தபிறகு! நாஞ்சில் நாட்டுக் கல்யாணங்களில் சாம்பார் கூட இந்த அளவில் மிஞ்சியதில்லை. ஆனால் ஆய்வாளர் கவனிக்க வேண்டியவர் பந்திவிசாரிப்புக்காரர். ருசி பார்த்துவிட்டு, நல்லதைக் கடைசிவரை ஒளித்து வைத்திருந்தீரே என்று மாப்பிள்ளையிடம் கேட்கிறார். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாமலேயே ஒயினுக்குத் தீர்ப்புச் சொன்ன கடைசி மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இனி வாங்கும் முறைக்கு வருவோம். கடையில் வாங்குவது ஒரு வழி. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் தன்வசம் வைத்திருக்கிறது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவது வழக்கம். காந்தி ஜெயந்திக்கும் திருவள்ளுவர் நாளுக்கும் உண்டு விடுமுறை; கிறிஸ்துமஸுக்கு இல்லை. ஆக, சட்டமும் கடிகாரமும் இடம் தருகின்றன. இடம் தராதது வரிசை. குவார்ட்டர் பிராந்திக்காகக் கையை நீட்டி நிற்கும் கூட்டத்தின் நடுவே ஒருவன் “ஒயின் இருக்கா?” என்று கேட்டால், முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஒருசேரத் திரும்பிப் பார்ப்பார்கள். “ஏன் வே, உடம்புக்குச் சொகமில்லையா?” நாசிக்கில் விளைந்து, கார்க் அடைத்து, பின்பக்கத்தில் எந்த மீனோடு குடிக்கலாம் என்று அறிவுரை ஒட்டிய குப்பியை வாங்கி வந்தாலும் வீட்டில் மதிப்பில்லை. புளிக்கிறது என்பார்கள். புளிப்பு என்பது எங்கள் பக்கம் மீன்குழம்பின் குணம், ஒயினின் குணமல்ல. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சித்தப்பாக்கள் கேண்டீனிலிருந்து கொண்டுவரும் ரம் வேறு கணக்கு. அது கேக்குக்கான உலர்பழங்களை ஊறவைக்க என்று சொல்லி வாங்கப்படுகிறது. பழத்துக்குப் போனது எவ்வளவு, சித்தப்பாவுக்குப் போனது எவ்வளவு என்று அளக்கும் கருவி ஆய்வாளரிடம் இல்லை.

ஆகவே இந்த வட்டாரத்தில் ஒயின் வாங்குவது என்றால் திராட்சை வாங்குவது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைதான் வேண்டும். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் சர்வதேசப் பெயர். ஆண்டு முழுவதும் காய்க்கும் அபூர்வம் அது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. விதையில்லாத பச்சைத் திராட்சையை வாங்கிப் போகிறவர் விருந்தாளிக்குத் தட்டில் வைக்கிறார் என்று பொருள். வடசேரிச் சந்தையில் பதிவான உரையாடல் ஒன்றை முழுதாகத் தருவது களஆய்வு மரபு:

“அண்ணாச்சி, பழம் உதிந்து கெடக்கே?”

“ஒயினுக்கா, சும்மா திங்கவாக்கா?”

“ஒயினுக்குத்தான்.”

“அப்பம் உதிந்தா என்ன? பிசையத்தானே போறீய. கம்பம் பழமாக்கும், வாயில போட்டுப் பாருங்க.”

“நாலு கிலோவுக்கு வெல கொறச்சுப் போடும்.”

“நாலு கிலோவா? போன வருசம் ரெண்டுல்லா வாங்குனிய?”

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஒயின் சந்தையின் முழு இயக்கமும் அடங்கியிருக்கிறது. கிலோ கூடினால் அந்த வீட்டில் மகளுக்குச் சம்பந்தம் முடிந்திருக்கிறது, அல்லது மகன் வளைகுடாவிலிருந்து வருகிறான். பழக்கடை அண்ணாச்சி ஒரு நொடியில் எட்டும் முடிவை எட்டப் பொருளாதாரப் பேராசிரியருக்கு ஒரு கல்வியாண்டு வேண்டும்.

செய்முறையை விரித்தெழுதவில்லை. ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சீனி, ஆறிய வெந்நீர், பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பரணி, மரக்கரண்டி, தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் கிளற வேண்டும் என்ற கண்டிப்பு. பரணி இருக்க வேண்டிய இடம் பத்தாயம் இருந்த இருட்டு அரங்கு. நெல் பெருமளவு போய்விட்டது, இருட்டு மிச்சமிருக்கிறது.

நாட்கணக்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. நாற்பது நாள் மரபினர் டிசம்பர் 25இலிருந்து பின்னோக்கி எண்ணி நவம்பர் 15இல் பழம் போடுகிறார்கள். ஓரிரு நாளில் கார்த்திகை பிறந்து மண்டல காலம் தொடங்குகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் மாலை போட்ட சாமி 41 நாள் விரதம் இருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் திராட்சை நாற்பது நாள் விரதம் இருக்கிறது. இருவரையும் காலையில் எழுந்ததும் கவனிக்க வேண்டும், இருவரையும் யாரும் தீட்டோடு தொடக் கூடாது. இந்த ஒப்புமையை இதுவரை எந்த மானிடவியலாளரும் எழுதாதது அவர்கள் கார்த்திகையில் களத்துக்கு வராததால் இருக்கலாம். இருபத்தொரு நாள் மரபினருக்கு டிசம்பர் 4 தொடக்க நாள். டிசம்பர் 3இல் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிகிறது, மாவட்டத்துக்கே விடுமுறை. அன்று கோட்டாற்றுக்குப் போனவர்கள் வரும் வழியில் பழமும் வாங்கி வந்துவிடுகிறார்கள்.

இத்தனை குறைந்த நாளில் ஊறியதெல்லாம் ஒயினா என்று சென்னையிலிருந்து வரும் மருமகன்கள் உதட்டைப் பிதுக்குவதுண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். பிரான்சில் போஜோலே நூவோ என்ற ஒயின், பழம் பறித்த சில வாரங்களிலேயே, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை கொட்டுமேளத்தோடு விற்பனைக்கு வருகிறது. கடைவாசலில் பிரெஞ்சுக்காரர்கள் காத்து நிற்கிறார்கள். அவர்களிடம் போய் உதட்டைப் பிதுக்கலாமே?

வேதியியல் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் இனிப்பின் காரணம் அதில் இருக்கிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுதும் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். ஒரு கிலோ சீனியில் ஏறக்குறைய அரைக் கிலோ காற்றாகப் போகும் என்பதால்தான் பரணியின் வாயை இறுக்கி மூடாமல் துணி கட்டுகிறார்கள். இறுக்கி மூடிய வீடுகளை நள்ளிரவுச் சத்தத்தைக் கொண்டு அடையாளம் காணலாம். ஆல்கஹால் நூற்றுக்கு 15 பங்கை நெருங்கினால் ஈஸ்ட் தான் உண்டாக்கியதிலேயே மூழ்கிச் செயலிழக்கும். மிச்சச் சீனி அப்படியே கிடக்கும். பூதப்பாண்டி ஒயினின் இனிப்பு என்பது ஈஸ்ட் தோற்ற இடம். “அறை வெப்பத்தில் பரிமாறுக” என்று நூல்கள் சொல்வதையும் இங்கே பின்பற்றலாகாது. அந்த அறை ஐரோப்பிய அறை, 16 அல்லது 18 பாகை. டிசம்பரிலும் நண்பகலில் 30ஐத் தொடும் எங்கள் அறைக்கு ஃபிரிட்ஜ்தான் ஐரோப்பா.

திருச்சபைகள் இந்த விஷயத்தில் ஒரு குரலாகப் பேசுவதில்லை. கத்தோலிக்கத் திருப்பலிக்குக் கெட்டுப்போகாத, கலப்பில்லாத, திராட்சையிலிருந்தே வந்த ஒயின் வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி கறாராகச் சொல்கிறது. ஆகவே கிராம்பும் கோதுமையும் போட்ட எங்கள் சரக்கு பீடத்துக்கு ஏறாது. சீர்திருத்த சபைகள் பலவற்றில் நற்கருணைக்குப் புளிக்காத சாறுதான். 1869இல் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பாஸ்டரின் முறையைப் பின்பற்றித் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் தடுத்தார். ஒரு பல் மருத்துவர் இவ்வளவு சீனியைக் காப்பாற்றியது தொழில்நுணுக்கமாக இருக்கலாம். வடசேரியில் பெரிய மருத்துவமனை நடத்தும் இரட்சணிய சேனையினருக்கு மதுவும் ஆகாது, நற்கருணைச் சடங்கும் இல்லை. மூன்று நிலைப்பாட்டையும் மதித்து, நான்காவதாகப் பரணி தன் வேலையைப் பார்க்கிறது.

அரசின் நிலைப்பாடும் உண்டு. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். 2019 டிசம்பரில் கேரளத்தில் கலால் துறை வீட்டு ஒயின் பற்றி எச்சரித்தபோது களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் சில பரணிகள் ஊறுகாய்ப் பரணிகளாகப் பெயர் மாறின. எனவே இக்கட்டுரையின் தகவலாளிகள் அனைவரும் கற்பனையோ என்று ஐயுறும் அளவுக்குப் பெயரற்றவர்கள்.

இனித்தான் தெரிவு. கேக், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து அடங்கிய பாத்திரத்தோடு குப்பி வரும். நிறத்துக்குப் பீட்ரூட் போடும் வீடு என்று தெரிந்தால் அதைக் குழந்தைகளுக்குக் காட்டாமல் ஒதுக்கலாம். சீனியைக் கருக்கி ஊற்றும் வீட்டு ஒயினுக்கு மரியாதை அதிகம். தெளிவதற்கு முட்டை வெள்ளைக்கரு அடித்து ஊற்றும் வீடு என்றால் சிக்கல். போர்டோவிலும் அதே முறைதான் என்று எடுத்துச் சொன்னாலும் சைவ வீடுகளில் எடுபடாது. அதை உணர்ந்த வீட்டார் முட்டைக்கு முன்னரே கொஞ்சம் தனியே எடுத்துவைத்து, “இதுல முட்ட சேக்கல, கேட்டேளா அக்கா” என்று உறுதிமொழியோடு கொடுப்பார்கள். உலகின் எந்த ஒயின் குப்பியும் இவ்வளவு நம்பகமான முத்திரையோடு விற்கப்படுவதில்லை. ஆல்கஹால் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். அது மருந்து.

குப்பி வெறுமையாகத் திரும்பக் கூடாது. பொங்கலுக்குள் எதையாவது போட்டுக் கொடுத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் நாரத்தங்காய் ஊறுகாய் என்பது நெடுநாள் மரபு. என்ன கழுவினாலும் நாரத்தை நெடி போகாத அதே குப்பியில்தான் அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒயின் வருகிறது. மேலைநாட்டுச் சுவைஞர்கள் ஒயினை வாயில் சுழற்றிப் பழந்தோல், புகையிலை, எலுமிச்சைத் தோல் என்றெல்லாம் வாசனை கண்டுபிடிப்பதற்குப் பெரும் சம்பளம் வாங்குகிறார்கள். நாங்கள் மோந்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம்: கிராம்பு, பட்டை, இரண்டாம் மூச்சில் நம் வீட்டு நாரத்தங்காய், மூன்றாம் மூச்சில் அதற்கு முன்பு அந்தக் குப்பியில் இருந்த நன்னாரி சர்பத்.