செவ்வாய்க்குள் ஒரு சிநேகம்

கோடை விடுமுறை வந்தால் அமெரிக்கத் திருச்சபைகளின் இளைஞர் குழுக்கள் ஒரே நிற டி-சட்டை மாட்டிக்கொண்டு ஹோண்டுராசுக்குக் கிளம்பிவிடுகின்றன. முதலில் நட்பு, அப்புறம் நற்செய்தி என்பது திட்டம். வெள்ளிக்கிழமை விமானம் என்பதால் நட்பு செவ்வாய்க்குள் பழுத்தாக வேண்டும். ஸ்பானிய மொழி தெரியாத குறையைக் கால்பந்தும் பலூனும் பார்த்துக்கொள்ளும்.

1813இல் பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனுக்கு இந்த வேகம் கைவரவில்லை. மொழி கற்று, ஊரோடு பழகி, முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் 1819 ஆகிவிட்டது. பாவம், கையில் ரிட்டர்ன் டிக்கெட் இல்லாத மனிதர்.

இந்த இளைஞர்கள் நட்புக்கு நடுவே வீடும் கட்டுவார்கள். 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராசைப் புரட்டிப் போட்டபின் எழுந்த வீடுகளைக் கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். உள்ளூர் அமைப்புகள் சுமார் 2,000 டாலரில் முடித்த வீட்டுக்கு, வெளிநாட்டுக் குழுக்களின் பயணச் செலவையும் சேர்த்தால் சுமார் 30,000 டாலர். சாந்து குழைக்கத் தெரியாத விருந்தாளிக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் உள்ளூர்க் கொத்தனாரின் பொறுமை இந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்று: ஹோண்டுராஸ் மக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். கடல் கடந்து வந்த பிள்ளைகள் மனம் நோகக் கூடாதே என்று, இயேசுவின் பெயரை இப்போதுதான் கேள்விப்படுபவர்கள்போலத் தலையாட்டுகிறார்கள்.